பிக்கப் டிரக்கில் ஸ்டீயரிங் கோளாறு: ராக்கைக் கழற்றும் முன்னும் மாட்டிய பின்னும்

"ராக் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு வரும் பல வண்டிகளில் ராக், அதாவது ஸ்டீயரிங்கின் சுழற்சியை இட வலத் தள்ளலாக மாற்றி முன் சக்கரங்களைத் திருப்பும் உறுப்பு, நன்றாகவே இருக்கிறது. கோளாறு டயர் காற்றில் இருக்கும், தளர்ந்த பெல்ட்டில் இருக்கும், துருப்பிடித்த கிராஸ் ஜாயிண்டில் இருக்கும். ஸ்டீயரிங் அமைப்பிலேயே விலை கூடிய உருப்படி ராக்தான். கழற்றி மாட்ட அதிகம் பாடுபடுத்துவதும் அதுதான். ஆகவே அதன்மேல் குற்றம் உறுதியாகும் வரை அதில் கை வைக்காதீர்கள். கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத சோதனை முதலில் வரும், ராக் கடைசியில் வரும்.

தொடங்கும் முன் உங்கள் வண்டியில் இருப்பது ராக்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும் பிக்கப்களில் பெரும்பாலும் ராக் இருக்கும்: இன்ஜினுக்குக் கீழே குறுக்கே படுத்திருக்கும் நீளமான குழாய், இரு முனைகளிலும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை. முன்பக்கம் ஒரே அச்சாக, பட்டை ஸ்பிரிங்கின்மேல் உட்கார்ந்திருக்கும் கனரக வண்டிகளில் இருப்பது ஸ்டீயரிங் பெட்டி. அதற்கு வழிமுறை வேறு. ஆயிலே இல்லாமல் மோட்டாரால் இயங்கும் எலக்ட்ரிக் ஸ்டீயரிங்குக்கும் இங்கே சொல்வது பொருந்தாது. அதில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போவதே சரி.

இன்னொன்று. வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, சட்டத்தின் இரு பக்கமும் ஜாக் ஸ்டாண்டு கொடுத்து, வண்டியைக் கையால் உலுக்கிப் பார்த்த பிறகே உள்ளே நுழையுங்கள்.

## அறிகுறி 1: ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது

எப்போது கனக்கிறது, எந்தப் பக்கம் கனக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

### இரண்டு பக்கமும், எல்லா நேரமும்

முதலில் முன் டயர்களின் காற்று. அடுத்து ஸ்டீயரிங் ஆயிலின் அளவு: அந்த ஆயில் இருக்கும் டப்பாவில் குளிர்ந்த நிலைக்கு ஒரு கோடு, சூடான நிலைக்கு ஒரு கோடு இருக்கும். குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு, குறைந்ததன் காரணத்தைத் தேட அறிகுறி 2-க்குப் போங்கள். மூன்றாவது, அந்த ஆயிலை அழுத்தும் பம்பைச் சுழற்றும் பெல்ட். பளபளவென்று மெருகேறியிருந்தாலோ, வெடிப்பு விட்டிருந்தாலோ, ஆயில் பட்டு நனைந்திருந்தாலோ அது வழுக்கும்.

மூன்றும் சரி என்றால் முன் சக்கரங்கள் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி, இன்ஜினை நிறுத்திவிட்டு, சாவியைப் போட்டு ஸ்டீயரிங் பூட்டை விடுவித்து, ஸ்டீயரிங்கைக் கையால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுற்றுங்கள். இந்த ஒரு சோதனை பல நாள் குழப்பத்தைத் தீர்க்கும். தூக்கிய நிலையிலும் கனமாக, பிடித்துப் பிடித்துச் சுற்றினால் கோளாறு ஆயில் அழுத்தத்தில் இல்லை. எங்கோ இரும்பு இரும்போடு பிடித்துக்கொண்டிருக்கிறது. டை ராட் எண்டுகளை (ராக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பிகளின் வெளி முனைகள்) சக்கரத்திலிருந்து பிரித்துவிட்டு மறுபடி சுற்றுங்கள். இப்போது இலகுவாகிவிட்டால் சக்கரப் பக்கத்து பால் ஜாயிண்ட்தான் (பந்துபோல் சுழலும் இணைப்பு) இறுகியிருக்கிறது. இன்னமும் பிடித்தால் ஸ்டீயரிங் தண்டையும் ராக்கையும் இணைக்கும் கிராஸ் ஜாயிண்டைப் பிரித்துவிட்டு அதைக் கையால் மடக்கிப் பாருங்கள். துருப்பிடித்த கிராஸ் ஒரு திசையில் மடங்கும், குறுக்குத் திசையில் மடங்காது. அதை மாற்றினால் வேலை முடிந்தது. அதைப் பிரித்த பிறகும் ராக்கின் தண்டு பிடித்தால் ராக் உள்ளே வளைந்தோ துருவேறியோ இருக்கிறது.

தூக்கிய நிலையில் இலகுவாகச் சுற்றி, தரையில் மட்டும் கனத்தால் அழுத்தம் போதவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, வண்டி நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்து இன்ஜினை நிமிடத்துக்கு 1500 சுற்று வரை ஏற்றித் திருப்புங்கள். ஏற்றியதும் இலகுவானால் பம்பு தேய்ந்திருக்கிறது அல்லது பெல்ட் வழுக்குகிறது.

### காலையில் கனம், ஓடச் சூடானதும் இலகு

இது பெரும்பாலும் ராக்குக்குள் இருக்கும் வால்வின் தேய்மானம். வால்வைச் சுற்றியுள்ள வளையங்கள் உறையில் பள்ளம் அறுத்துவிடுகின்றன. குளிரில் விறைத்திருக்கும் வளையங்கள் அந்தப் பள்ளத்தை அடைப்பதில்லை. சூடானதும் இளகி அடைத்துக்கொள்கின்றன. அதற்கு நேர்மாறாக, காலையில் இலகுவாக இருந்து நன்றாகச் சூடேறிய பிறகு கனத்தால் முதலில் பம்பைச் சந்தேகியுங்கள்.

### ஒரு பக்கம் மட்டும் கனம்

பம்புக்கு இடம் வலம் தெரியாது. பம்பு கெட்டால் இரண்டு பக்கமும் கனக்கும். ஒரு பக்கம் மட்டும் கனத்தால், டயர் காற்றும் அலைன்மெண்ட்டும் (சக்கரங்கள் நிற்கும் கோணங்கள்) சரியாக இருக்கும்பட்சத்தில், ராக்குக்குள் வால்வோ, ஆயிலைத் தடுக்கும் சீலோ போய்விட்டது என்று கொள்ளலாம்.

### மெக்கானிக்கை அழைக்க வேண்டிய இடம்

பம்பா ராக்கா என்று இன்னும் தீராவிட்டால் அழுத்த மானி வைத்துப் பார்க்க வேண்டும். இந்த அமைப்பில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது அழுத்தம் 70 பாரைத் தாண்டும். மானியை வீட்டில் அரைகுறையாக மாட்டி ஆயில் பீறிட்டால் தோலைத் துளைக்கும். இந்தச் சோதனையைப் பழகிய கைகளிடம் விடுங்கள். ஆகும் கூலி, தவறான ராக்கை வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

## அறிகுறி 2: ஆயில் குறைகிறது, வண்டிக்கு அடியில் ஈரம்

சொட்டும் இடம் கசியும் இடம் அல்ல. ஓடும் வண்டியில் காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளும், பைப் வழியாக அது எங்கெங்கோ வழிந்து இறங்கும். எனவே ராக், பைப்புகள், பம்பு எல்லாவற்றையும் கிரீஸ் நீக்கும் திரவத்தால் கழுவி, உலர்த்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஒருவரை உட்காரவைத்து ஸ்டீயரிங்கை இரு பக்கமும் மெதுவாக ஒடிக்கச் சொல்லுங்கள். டார்ச் அடித்து, ஈரம் முதலில் தோன்றும் மிக உயரமான இடத்தைத் தேடுங்கள். கையால் தடவித் தேட வேண்டாம். சுழலும் பெல்ட்டும் அழுத்தத்தில் உள்ள ஆயிலும் அங்கே இருக்கின்றன.

### டப்பா, ரிட்டர்ன் ஹோஸ்

செலவு குறைந்த இடம். ஆயில் டப்பாவுக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸில் அழுத்தம் குறைவு. கிளிப் தளர்ந்திருக்கும் அல்லது ரப்பர் முனை வெடித்திருக்கும். முனையில் சிறிது வெட்டிவிட்டுப் புதுக் கிளிப் போட்டாலே சரியாகலாம்.

### பிரஷர் ஹோஸ்

பம்பிலிருந்து ராக்குக்கு ஆயில் போகும் ஹோஸ் இது. ரப்பரும் இரும்பும் சேரும் அந்த நசுக்கிய வளையத்தில் கசியும். இதை ஒட்டுப் போடக் கூடாது, கிளிப் போட்டு இறுக்கக் கூடாது. ஹோஸையே மாற்ற வேண்டும்.

### ராக்கில் பைப் சேரும் இடம்

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பைப் நட்டில் கசிந்த ஆயில் ராக்கின்மேல் வழிந்து, ராக்கே கசிவதுபோல் தோன்றும். நட்டைக் கழற்றி, ஓ ரிங்கையோ வாஷரையோ மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். சில ராக்குகளில் பைப் முனை, நட்டை முழுதாக இறுக்கிய பிறகும் கையால் திருப்பினால் சற்றே சுழலும். அமைப்பே அப்படித்தான். சுழல்கிறதே என்று மேலும் மேலும் இறுக்கினால் மரை பிய்ந்துவிடும்.

### ரப்பர் உறைக்குள்

உறையைக் கையால் அமுக்குங்கள். உள்ளே தண்ணீர் தளும்புவதுபோல் தோன்றினால் வெளிப்பக்கக் கிளிப்பைத் தளர்த்தி, உதட்டைச் சற்றே விலக்குங்கள். மெல்லிய கிரீஸ் பூச்சு மட்டும் இருந்தால் அது உள் டை ராட் பந்துக்கு வைத்த கிரீஸ், கவலை இல்லை. ஆயில் கொட்டினால் ராக்கின் முனைச் சீல் போய்விட்டது. தீர்ப்பு ராக்தான். கொட்டிய பிறகு உள்ளே தெரியும் பளபளப்பான தண்டை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் துரு குழி விழுந்திருக்கிறது. எப்போதோ கிழிந்த உறை வழியாகத் தண்ணீரும் மண்ணும் நுழைந்ததன் விளைவு இது. அந்தக் குழி இருக்கும்வரை எத்தனை சீல் மாற்றினாலும் கிழித்துப் போடும்.

கசிவை அடைக்கும் மருந்து என்று விற்பதை ஊற்றலாமா என்று கேட்பார்கள். நான் ஊற்றச் சொல்வதில்லை. அது ரப்பரை ஊதவைக்கும். வெடித்த சீலையும் குழிவிழுந்த தண்டையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. கோளாறு தள்ளிப்போகும், போகாது.

கசியும் ஆயில் சைலன்சர் குழாய்மேல் விழும் நிலையில் இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். சூடான குழாயில் அது தீப்பிடிக்கும். ஆயில் வற்றிய நிலையில் ஓட்டினால் ராக்கோடு பம்பும் சேர்ந்து போகும்.

## அறிகுறி 3: ஸ்டீயரிங்கில் ஆட்டம், பள்ளத்தில் தட்டல்

சக்கரங்களை நேராக வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை விரலால் இப்படியும் அப்படியும் அசையுங்கள். சக்கரம் அசையத் தொடங்கும் முன் ஸ்டீயரிங்கின் வெளிவட்டம் எவ்வளவு நகர்கிறது? 30 மில்லிமீட்டர் வரை பல கையேடுகள் அனுமதிக்கின்றன. அதைத் தாண்டினால் ஆட்டத்தைத் தேட வேண்டும்.

தேடும் முறை எளிது. சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவர் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைச் சிறிதாக, விடாமல் அசைக்க வேண்டும். நீங்கள் கீழே ஒவ்வொரு இணைப்பின் மேலும் விரலைக் குறுக்கே வையுங்கள், பாதி விரல் இந்தத் துண்டிலும் பாதி விரல் அந்தத் துண்டிலும். நல்ல இணைப்பில் இரண்டும் ஒன்றாக நகரும். தேய்ந்த இணைப்பில் ஒன்று நகர்ந்து, ஒரு நொடி கழித்து மற்றது நகர்வதை விரல் உணரும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்குத் தெரியும்.

மேலிருந்து கீழாகப் போங்கள். கிராஸ் ஜாயிண்டும் அதன் போல்ட்டும் முதலில். போல்ட் மட்டும் தளர்ந்திருந்தால் இறுக்கி விட்டுவிடாதீர்கள். பற்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று கழற்றிப் பாருங்கள். அடுத்து ராக்கைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் புஷ்கள். ஸ்டீயரிங்கை அசைக்கும்போது ராக்கின் உடலே பக்கவாட்டில் நகர்ந்தால் புஷ் போய்விட்டது. ராக் நல்லது, புஷ்ஷை மட்டும் மாற்றினால் போதும். பிறகு ரப்பர் உறையை அமுக்கிப் பிடித்து உள் டை ராட், கடைசியாக டை ராட் எண்டு. இவை இரண்டும் தனியாகக் கிடைக்கும், ராக்கோடு மாற்ற வேண்டியதில்லை.

சக்கரத்தைத் தூக்கி 3 மணி, 9 மணி இடங்களில் பிடித்து ஆட்டினால் டை ராட் ஆட்டம் தெரியும். 12 மணி, 6 மணி இடங்களில் ஆடினால் பால் ஜாயிண்ட்டோ சக்கர பேரிங்கோ.

எல்லா இணைப்பும் சரி, ஆனாலும் ஆட்டம் இருக்கிறது, ராக்கின் பல்சக்கரப் பகுதியிலிருந்தே தட்டல் கேட்கிறது என்றால் உள் பற்கள் தேய்ந்திருக்கின்றன. ராக்கின் முதுகில் பெரிய நட்டுடன் ஒரு சரிசெய்யும் மூடி தெரியும். அதை இறுக்கினால் ஆட்டம் மறையும் என்பது உண்மை. ஆனால் ராக் நடுவில்தான் அதிகம் தேய்கிறது. நடுப்பகுதியின் ஆட்டத்தைப் போக்க இறுக்கினால் தேயாத ஓரங்களில் இறுகிப் பிடிக்கும். திருப்பத்தில் ஒடித்த ஸ்டீயரிங் திரும்பி வராமல் நின்றுவிடும். கையேட்டில் உங்கள் வண்டிக்கு அளவு கொடுத்திருந்தாலன்றி அந்த மூடியைத் தொடாதீர்கள்.

## அறிகுறி 4: சத்தம்

திருப்பும்போது கிறீச்சென்று கத்தினால் பெல்ட். ஓயாமல் முனகினால் ஆயில் குறைவு அல்லது ஆயிலில் காற்று. டப்பாவைத் திறந்து பாருங்கள், நுரை தெரியும். ஆயில் நிறைந்திருந்தும் நுரை தொடர்ந்தால் பம்புக்குப் போகும் ஹோஸின் இணைப்பு காற்றை உறிஞ்சுகிறது. அங்கே ஆயில் வெளியே வராது என்பதால் கண்ணில் படாது. சில டப்பாக்களின் அடியில் வலை இருக்கும், அது அடைத்தாலும் பம்பு முனகும்.

ஸ்டீயரிங்கைக் கோடி வரை ஒடித்துப் பிடித்தால் மட்டும் வரும் இரைச்சல் கோளாறு அல்ல. பம்பின் அழுத்த வால்வு திறக்கும் ஓசை அது. அப்படி 5 நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள், ஆயில் கொதித்துவிடும்.

## அறிகுறி 5: வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, ஸ்டீயரிங் தானாக நேராக வரவில்லை

காற்றழுத்தம் சமமா என்று பாருங்கள். திசைக்குறி இல்லாத டயர் என்றால் முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றி ஓட்டுங்கள். இழுவை எதிர்ப்பக்கம் மாறினால் டயர்தான். மாறாவிட்டால் அலைன்மெண்ட், ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்.

ராக்கைச் சோதிக்க முன் சக்கரங்களைத் தூக்கி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, கையை எடுத்துவிட்டு இன்ஜினைக் கிளப்பச் சொல்லுங்கள். ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் சுற்றினால் ராக்கின் வால்வு கெட்டுவிட்டது. இதில் மறுபேச்சில்லை. அந்த வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது. கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

## ராக்தான் என்று உறுதியானால்

பழையதைக் கழற்றும் முன் புதியதைக் கையில் வைத்திருங்கள். இரண்டையும் ஒப்பிடாமல் ஒரு போல்ட்டைக் கூடத் தளர்த்தாதீர்கள். நீளம், பைப் நட்டுகளின் மரை, பைப் முனையின் வடிவம், தண்டின் பற்கள், மாட்டும் துளைகளின் இடைவெளி எல்லாம் பொருந்த வேண்டும். ஒரே மாடலில் இரு சக்கர ஓட்டத்துக்கும் நான்கு சக்கர ஓட்டத்துக்கும் ராக் வேறாக இருக்கலாம். இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியின் ராக் வலப்பக்க ஸ்டீயரிங் வண்டிக்குப் பொருந்தாது. ஆயில் எது என்பதை டப்பாவின் மூடியில் பாருங்கள். சிவப்பு ஆயில் கேட்கும் அமைப்பில் பச்சை ஆயில் ஊற்றினால் சீல்கள் கெடும்.

இந்த வேலைக்கு வேண்டியவை: பைப் நட் ஸ்பேனர், எண்டைப் பிடுங்கும் டை ராட் புல்லர், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச், நட்டு கழலாமல் பூட்டும் புது ஸ்பிளிட் பின்கள், பைப்புக்குப் புது ஓ ரிங்குகள், ஆயில் பிடிக்க அகலமான தட்டு. கையேட்டில் முன் டிஃபரென்ஷியலையோ குறுக்குச் சட்டத்தையோ இறக்கச் சொல்லியிருந்தால் அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கிடம் பேசுங்கள். தனி ஆளாகத் தரையில் படுத்துச் செய்யும் வேலை அல்ல அது.

தொடங்கும் முன் சக்கரங்களை நேராக்கி, பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விட்டு, ஸ்டீயரிங் சுழலாதபடி சீட் பெல்ட்டால் கட்டுங்கள். ஸ்டீயரிங்குக்குள் ஏர்பேக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள் நாடா ஒன்று இருக்கிறது. கீழே ராக்கைப் பிரித்த பிறகு ஸ்டீயரிங் இஷ்டத்துக்குச் சுற்றினால் அந்த நாடா அறுந்துவிடும்.

### டை ராட் எண்டு விடவில்லை

லாக் நட் இருந்த இடத்தில் பெயிண்ட் கோடு போட்டு, வெளியே தெரியும் மரைகளை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். மேல் நட்டைச் சில சுற்று மட்டும் தளர்த்தி விடுங்கள், மரை காக்கப்படும். புல்லரை மாட்டி இறுக்கிய நிலையில், எண்டு நுழைந்திருக்கும் இரும்புக் கண்ணின் பக்கவாட்டில் சுத்தியலால் ஒரு அடி. டக்கென்று விடும். மரையின் தலையில் அடிக்காதீர்கள்.

### பைப் நட்டின் முனைகள் வழுக்குகின்றன

சாதாரண ஸ்பேனரால் முயன்றால் இதுதான் நடக்கும். முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். பைப்பையும் மாற்றப் போகிறீர்கள் என்றால் நட்டுக்கு அருகே பைப்பை அறுத்துவிட்டு, ஆறு பட்டை சாக்கெட்டை நட்டின்மேல் முழுதாக உட்காரவைத்துத் திருப்பலாம். தீ காட்ட வேண்டாம், சுற்றிலும் எரியும் ஆயில்.

### கிராஸ் ஜாயிண்ட் இறங்கவில்லை

போல்ட்டைத் தளர்த்தினால் போதாது, முழுதாக உருவ வேண்டும். அது ராக் தண்டின் பள்ளத்தில் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. ஜாயிண்டுக்கும் தண்டுக்கும் ஒரே நேர்க்கோட்டில் பெயிண்ட் அடையாளம் போட்டு, பிளவில் தட்டை ஸ்குரூ டிரைவரை வைத்துச் சற்றே விரித்து மேலே இழுங்கள். சுத்தியலால் மேல்நோக்கி அடிக்காதீர்கள். விபத்தில் மடங்குவதற்கென்றே அமைத்த ஸ்டீயரிங் தண்டு அடிபட்டுச் சுருங்கிவிடும்.

### ராக் வெளியே வரவில்லை

போல்ட்டுகள் எல்லாம் கழன்றும் ராக் இடையில் சிக்கினால், அதைத் தன் அச்சில் சுற்றி, ஒரு பக்கம் முழுதாகத் தள்ளி, மறுமுனையைக் கீழே சாய்த்துச் சக்கர வளைவு வழியாக உருவுங்கள். ஸ்டெபிலைசர் கம்பியை இறக்கினால் பல வண்டிகளில் வழி கிடைத்துவிடும்.

## மாட்டும்போது

புது ராக்கின் தண்டை ஒரு கோடிக்குச் சுற்றி, மறுகோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் சரிபாதிக்குத் திரும்புங்கள். அதுதான் நடு. அதே நிலையில் உள்ளே ஏற்றுங்கள். மாட்டும் போல்ட்டுகளை முதலில் விரலால் ஏற்றி, எல்லாம் உட்கார்ந்த பிறகு கையேட்டு அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பைப் நட்டுகளையும் விரலால்தான் தொடங்க வேண்டும். ராக்கின் உறை அலுமினியமாக இருந்தால் கோணலாக ஏறும் இரும்பு நட்டு புது ராக்கின் மரையை அங்கேயே அழித்துவிடும்.

இந்த வேலை முழுவதிலும் உயிரோடு தொடர்புள்ள இடம் கிராஸ் ஜாயிண்ட் போல்ட். ஜாயிண்ட் தண்டில் முழுதாக இறங்கியிருந்தால் போல்ட் விரலால் தள்ளினாலே தண்டின் பள்ளத்தைக் கடந்து மறுபக்கம் எட்டிப்பார்க்கும். தள்ளினால் முட்டி நிற்கிறது என்றால் ஜாயிண்ட் இன்னும் இறங்கவில்லை. அப்போது போல்ட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். கழற்றி, ஜாயிண்டை மறுபடி இறக்குங்கள். சில வடிவங்களில் ஜாயிண்ட் தண்டின் மேல்நுனியை மட்டும் கவ்விக்கொண்டிருக்க, போல்ட் பள்ளத்தில் படாமலே இறுகிவிடும். வண்டி சில நாள் நன்றாக ஓடும். பிறகு ஒரு பள்ளத்தில் ஜாயிண்ட் கழன்று, கையில் இருக்கும் ஸ்டீயரிங் சும்மா சுற்றும். இறுக்கிய பிறகு ஜாயிண்டை இரு கையாலும் மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். இம்மி நகரக் கூடாது. இன்னொருவரை அழைத்து அவர் கண்ணாலும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

டை ராட் எண்டு நட்டை இறுக்கிய பிறகு ஸ்பிளிட் பின் துளை நேராக வராவிட்டால் இன்னும் சற்று இறுக்கித்தான் நேராக்க வேண்டும். தளர்த்தி நேராக்கக் கூடாது.

ஆயில் ஊற்றும் முன் பழையதை முழுதாக வெளியேற்றுங்கள். ரிட்டர்ன் ஹோஸை டப்பாவிலிருந்து பிடுங்கி ஒரு பாட்டிலில் விட்டு, டப்பாவின் அந்த வாயை அடைத்து, சக்கரங்கள் தூக்கிய நிலையில் ஸ்டீயரிங்கை மெதுவாகச் சுற்றச் சுற்றப் புது ஆயிலை ஊற்றிக்கொண்டே வாருங்கள். பாட்டிலில் விழுவது தெளியும்வரை இது தொடர வேண்டும். பிறகு ஹோஸை மாட்டி, காற்றை எடுங்கள்: இன்ஜினைக் கிளப்பாமல் கோடிக்குக் கோடி 20 முறையாவது மெதுவாகச் சுற்றி, அளவு இறங்க இறங்க ஊற்றி, குமிழ் நின்ற பிறகே கிளப்புங்கள்.

## மாட்டிய பின் வரும் அறிகுறிகள்

ஆயில் நுரைக்கிறது, பம்பு முனகுகிறது. காற்று போகவில்லை. இன்ஜினை நிறுத்தி, நுரை அடங்கும்வரை விட்டு, மறுபடி இன்ஜின் ஓடாமல் சுற்றுங்கள். அவசரப்பட்டு ஓட்டினால் பம்பு தேயும்.

வண்டி நேராகப் போகிறது, ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது. டை ராட் நீளங்கள் இரு பக்கமும் சமமாக இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடுங்கித் திருப்பி மாட்டி இதைச் சரிசெய்ய முயலாதீர்கள், ஏர்பேக் அங்கே இருக்கிறது. அலைன்மெண்ட்டில் சரியாகும். மரைகளை எண்ணி மாட்டியிருந்தாலும் ராக் மாற்றிய வண்டிக்கு அலைன்மெண்ட் கட்டாயம். இல்லாவிட்டால் முன் டயர்கள் விரைவில் ஓரம் தின்றுவிடும்.

ஒரு பக்கம் அதிகம் ஒடிகிறது, மறுபக்கம் குறைவு. ராக்கை நடுவில் வைக்காமல் மாட்டியிருக்கிறீர்கள். கிராஸ் ஜாயிண்டைப் பிரித்து நடுவை மறுபடி கண்டுபிடியுங்கள். இப்படியே ஓட்டினால் சுருள் நாடா ஒரு கோடியில் அறுந்துவிடும்.

ஒடிக்கும்போது ஒரு ரப்பர் உறை உப்புகிறது, மற்றது உள்ளே ஒட்டுகிறது. இரண்டு உறைகளையும் இணைக்கும் மெல்லிய காற்றுக்குழாய் சில ராக்குகளில் உண்டு. அது மாட்டப்படவில்லை அல்லது மடங்கியிருக்கிறது. உறை முறுக்கிக்கொண்டு நின்றால், டை ராட்டைத் திருப்பும்போது வெளிக் கிளிப்பைத் தளர்த்த மறந்திருக்கிறார்கள். அலைன்மெண்ட் முடித்துவரும் வண்டிகளில் இதை நிறையப் பார்க்கலாம்.

ஏர்பேக் விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கவில்லை. சுருள் நாடா அறுந்துவிட்டது. வீட்டில் தொடாதீர்கள், பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள். வண்டி நிலைப்புக் கட்டுப்பாட்டு விளக்கு மட்டும் எரிந்தால் ஸ்டீயரிங் கோண சென்சாருக்குப் புது நடுவைச் சொல்லித்தர வேண்டும். சில வண்டிகளில் நேர்ச்சாலையில் ஓட்டினாலே சரியாகும், மற்றவற்றுக்கு ஸ்கேனர் தேவை.

புது ராக் சில மாதத்திலேயே மறுபடி கனக்கிறது அல்லது கசிகிறது. மட்டமான ராக் என்று திட்டுவதற்கு முன் டப்பாவிலிருந்து சில சொட்டு ஆயிலை வெள்ளைக் காகிதத்தில் விட்டு வெயிலில் பாருங்கள். வெள்ளித் தூள்போல் மினுக்கினால் பம்பு தேய்ந்து உலோகத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறது. கரியாகப் படிந்தால் ஹோஸின் உட்பக்க ரப்பர் உதிர்கிறது. இரண்டில் எதுவானாலும் அடுத்த ராக்கும் அதே கதிக்கு ஆளாகும். மினுக்கினால் பம்பை, கரி என்றால் இரண்டு ஹோஸையும் மாற்றுங்கள். டப்பாவையும் மாற்றி, இரும்புப் பைப்புகளைக் காற்றடித்து ஊதி, புது ஆயில் தெளிவாக ஓடுவதைப் பாட்டிலில் பார்த்த பிறகு அடுத்த ராக்கை உறையிலிருந்து பிரியுங்கள்.